பூட்டிய வீட்டில் அடிக்கும் போன்

“கடிச்சிருக்கா மேடம். பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க. மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும்.”

“டி.டி. ஊசி போட்டீங்களா?”

“அது நாய் கடிச்சாதான மேடம்?”

“எது கடிச்சாலும் போடலாம். மொதல்ல போய்ப் போட்டுட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்.”

கணக்கு ஆசிரியர் தணிகாசலம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. தலைமையாசிரியை ராஜாம்பாளின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தலை நரைக்கும் வரைக்கும் பாடம் நடத்தியவர். ஒரு பிள்ளை தன் மேல் பல்லை வைத்தது இதுதான் முதல் தடவை. வலியைவிட அந்த அவமானம்தான் அவரை அங்கே உட்கார வைத்திருந்தது. வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பையன்கள் “எலி கடிச்சிடுச்சுடா சாரை” என்று சொல்லிச் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. பிள்ளையின் பெயர் ஏலோதி. அதை எலியாக்க அவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அறையில் மூன்றாவதாக ஒருத்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நிர்மலாதேவி, ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வகுப்பாசிரியை. அந்த 2006 ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தவள். பேருந்தில் மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டே வந்து இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிறவள் என்று ஆசிரியர் அறையில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. இப்போது அவள் தணிகாசலத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரப் பட்டை இருக்கிற இடத்தில், அதே வட்டத்தில், பல் தடம்.

என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். பாதி வகுப்பில் ஏலோதி எழுந்து வெளியே போகவேண்டும் என்றாளாம். முந்தாநாளும் அப்படிக் கேட்டாள், நேற்றும் கேட்டாள், தினமும் என்ன பாத்ரூம் என்று இவர் கதவை மறித்து நின்றாராம். அந்தக் கையைத்தான் கடித்துவிட்டு ஓடியிருக்கிறாள். வாட்ச்மேன் கேட்டில் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அதற்கு முன்தினம் பெஞ்சைக் கவிழ்த்தாள். அதற்கும் முன்னால் பக்கத்தில் இருந்தவளின் ஜாமெட்ரி பாக்ஸை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

தீபாவளி வரைக்கும் இருக்கிற இடம் தெரியாத பிள்ளை அவள். அதைத்தான் நிர்மலாவால் எங்கேயும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

“அப்பன் இல்லாத வீடு,” என்றார் தணிகாசலம். “கேக்க ஆள் இல்ல. அதான்.”

அம்மாவை ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். கோரிமேட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அமுதவல்லி என்று பேர். வந்தாள், என்ன என்று முழுதாகக் கேட்கக்கூட இல்லை, எல்லார் முன்னாலும் மகளைக் கன்னத்தில் ஒன்று வைத்தாள், மன்னிப்புக் கேட்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். மறுநாள் பெஞ்சு கவிழ்ந்தது.

மற்ற பெற்றோர் பேச ஆரம்பித்துவிட்டார்கள், இனி தன்னால் தாங்க முடியாது என்றார் ராஜாம்பாள். வெள்ளிக்கிழமை அம்மாவை வரவழைத்து டி.சி. கொடுத்துவிடலாம். வருஷத்தின் நடுவில் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்று நிர்மலா கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்த பதில்தான்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் எனக்கு விடுங்க மேடம். நான் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்.”

“வீட்டுக்கா? நம்ம ஸ்கூல்ல அந்தப் பழக்கமே இல்லயே நிர்மலா. வீடு வரைக்கும் போனா, அப்புறம் நம்மளையும் அவங்க வீட்டு ஆளுங்க மாதிரியே திட்ட ஆரம்பிச்சிடுவாங்க.”

“திட்டட்டும் மேடம்.”

ராஜாம்பாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மாலை நிர்மலா ஏலோதியைத் தனியாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொன்னார்களா, வயிற்று வலியா, கணக்கு பயமா. எல்லாவற்றுக்கும் தலை இல்லை என்றுதான் ஆடியது. பிள்ளையின் கழுத்தில் மாதா படம் போட்ட டாலரோடு சேர்த்து ஒரு சாவி தொங்கியது. நிர்மலாவின் பார்வை அதில் விழுந்ததும் சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள்.

மறுநாள் மதிய மணி அடித்ததும் நிர்மலா தன் டிபன் டப்பாவைத் திறக்காமலே கிளம்பினாள். கருவடிக்குப்பத்துச் சந்து ஒன்றில் ஏலோதியின் வீடு, பள்ளியிலிருந்து நடக்கிற தூரம். காலையில் பெய்த மழை ரோட்டோரம் தேங்கிக் கிடந்தது. வீட்டை அவள் கண்டுபிடித்தபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புளிசாதத் தட்டு. எதிரே ஒரு ஸ்டூல், அதன் மேல் பின்னல் துணி போர்த்திய டெலிபோன். சாப்பாட்டைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“ஏலோதி.”

பிள்ளை துள்ளி எழுந்தாள். தட்டு கவிழ்ந்தது. “அம்மா உள்ள தூங்கறாங்க மிஸ்,” என்றாள் உடனே. மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்.

அம்மா கோரிமேட்டில் இருப்பது தனக்குத் தெரியும் என்று நிர்மலா சொன்னாள். யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள். கதவு திறக்கவில்லை. தெரியாத ஆளுக்கும் தெரிந்த ஆளுக்கும் திறக்கக்கூடாது, வீட்டில் தனியாக இருப்பதை வெளியே மூச்சுவிடக்கூடாது, இரண்டும் அம்மா போட்ட சட்டம். பிள்ளை அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தாள். நிர்மலா வாசலிலேயே காத்திருந்தாள். பள்ளிக்குத் திரும்பும் நேரம் வந்தபோது ஏலோதி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சாவியைக் கழுத்தில் மாட்டினாள். நாலு அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தபடி, கால் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். நிர்மலா அவசரப்படுத்தவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிடும் என்று தெரிந்தும் அவளோடு அதே வேகத்தில் நடந்தாள்.

சந்து முனையைத் தாண்டவில்லை. பின்னால், பூட்டிய வீட்டுக்குள், போன் அடித்தது.

ஏலோதி ஓடினாள். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு தண்ணீரில் மிதந்தது. சாவியைக் கழுத்திலிருந்து கழற்றாமல், டாலரும் நூலும் சிக்க, முகத்தைப் பூட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு திருகினாள். சாவி இரண்டு தடவை நழுவியது. கதவு திறந்தபோது போன் நின்றிருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, “அலோ, அலோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நிர்மலா வாசற்படியில் நின்றாள். அவளிடம் யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அப்பா,” என்றாள் பிள்ளை கடைசியில். போனை வைக்காமலே.

பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அப்பா அல்பேர் பிரான்சில் இருக்கிறார். தாத்தா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமை. போய் உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். கூப்பிடவில்லை. அங்கே அவருக்கு வேறு ஒரு வீடு இருப்பதாக அங்கிருந்து திரும்பிய யாரோ சொன்ன அன்று அம்மா போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கடை முதலாளி கூப்பிடவேண்டும் என்பதற்காகப் பிறகு மறுபடி மாட்டினாள். அப்பா பேச்சு மட்டும் வீட்டில் திரும்ப வரவில்லை.

ஜூனில் ஒரு நாள் மதியம் போன் அடித்தது. எடுத்தால் அவர். அதிலிருந்து பள்ளி இருக்கிற ஒவ்வொரு நாளும், அவள் சாப்பிட வரும் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டார். பாரிசுக்கு வெளியே பெரிய காய்கறிச் சந்தையில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்குகிற வேலை. காலையில் வேலை முடிந்து, தூங்கப் போவதற்கு முன்னால், கார்டு போட்டு ஒரு போன். சாப்ட்டியா என்பார். என்ன கொழம்பு என்பார். முட்டைகோஸ் மூட்டைதான் எல்லாவற்றிலும் கனம் என்பார். நிர்மலா அந்த ஊரை நாவல்களில்தான் பார்த்திருந்தாள். பனியும் ஆறும் விளக்குக் கம்பங்களும் இருந்த அந்த ஊரில் முட்டைகோஸ் மூட்டை எங்கேயும் வந்ததில்லை.

“அம்மாவுக்குத் தெரியாதா?”

“தெரியாது மிஸ். சொல்லிடாதீங்க. திரும்ப ஒயர புடுங்கிடுவாங்க.”

“இப்ப என்ன ஆச்சு?”

ஏலோதி ரிசீவரை வைத்து, மேலே துணியைச் சரியாகப் போர்த்தினாள். தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு, அவள் சாப்பிடும்போது போன் அடிப்பதே இல்லை. நாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா அக்கா சொன்னாள், நீ ஸ்கூலுக்குப் போன பின்னாடி உங்க வீட்டு போன் தினமும் கத்துது என்று.

“நான் இல்லாதப்ப பாத்துப் பண்றாரு மிஸ். எங்கூடப் பேச இஷ்டம் இல்ல போல. ஆனா பண்ணலன்னு நான் சொல்லக்கூடாதுல்ல, அதுக்காகப் பண்றாரு.”

இந்த வயதில் ஒரு பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளே என்று நிர்மலா நினைத்தாள். அவளிடம் மறுத்துச் சொல்ல ஆசைதான். ஆனால் என்ன சொல்ல? அவளுக்கே காரணம் தெரியவில்லையே.

காரணம் அன்று மாலையே ஆசிரியர் அறையில் கிடைத்தது, யாரும் தேடாமல். பிரெஞ்சு பாடம் எடுக்கும் கிளோதின் டீச்சர் டீ ஆற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டார். பாரிசிலிருக்கும் தம்பி எப்போதும் தன் ஓய்வு பீரியடில் கூப்பிடுவானாம், இப்போது பாழாய்ப்போன ‘ஓர் திவேர்’ வந்ததிலிருந்து சரியாக வகுப்பு நடக்கும்போது கூப்பிடுகிறானாம்.

“அப்படின்னா என்ன டீச்சர்?”

“குளிர்காலத்து மணி. அக்டோபர் கடேசில ஊர்ல இருக்கற அத்தன கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சிடுவாங்க. அவன் அதே நேரத்துக்குத்தான் பண்றான். நமக்கு ஒரு மணி நேரம் தள்ளி வருது. பிரெஞ்சு வீடுங்கள்ல இது எல்லாருக்கும் தெரியும். உனக்கு எதுக்கும்மா?”

நிர்மலா டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஏலோதியைப் பிடித்து நிறுத்தி, ரோட்டோரத்திலேயே குந்தி, ஈரமண்ணில் குச்சியால் இரண்டு வட்டம் வரைந்தாள். இது நம் கடிகாரம். இது அந்த ஊர்க் கடிகாரம். அப்பா எதையும் மாற்றவில்லை. வேலை முடிந்ததும் எப்போதும் போலத்தான் கூப்பிடுகிறார். மாறியது அந்த ஊர்.

பிள்ளை இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்ப தெனமும் பண்ணிக்கிட்டேதான் இருக்காரா?”

“தெனமும்.”

“நான் எடுக்கலன்னு அவரு என்ன நெனப்பாரு?”

அந்தக் கேள்வியைக் கேட்கிற நேரத்தில் ஏலோதியின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்ததை நிர்மலா பார்த்தாள்.

இதை அப்படியே ரகசியமாக வைத்து, மதியத்தில் அவளைக் கொஞ்சம் தாமதமாக வரவிட்டால் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. அன்றிரவு முழுக்க நிர்மலா அதைத்தான் யோசித்தாள். காலையில் வேண்டாம் என்று முடிவு செய்தாள். இத்தனை மாதம் அந்தப் பிள்ளை தனியாகச் சுமந்ததில் பாதியைத் தான் வாங்கிக்கொள்வது உதவி ஆகாது. சுமக்கவே வேண்டியதில்லாமல் ஆக்கவேண்டும். அதற்கு அம்மாவுக்குத் தெரிந்தாகவேண்டும். ஆனால் பிள்ளையைக் கேட்காமல் சொல்லவும் மாட்டாள்.

ஏலோதி ஒத்துக்கொள்ளவில்லை. காலை இடைவேளையில் நிர்மலா கேட்டாள், பிள்ளை முடியாது என்றாள். மதியம் மறுபடி கேட்டபோது அழுதாள்.

“அம்மா ஒயர புடுங்கிடுவாங்க மிஸ்.”

“புடுங்கட்டும். நான் வந்து மாட்டறேன்.”

“திரும்பப் புடுங்குவாங்க.”

“திரும்ப வருவேன். எனக்கு என்ன, உங்க வீடு நடக்கற தூரம்தான்.”

அன்று கணக்கு பீரியடில் ஏலோதி எழவில்லை. வழக்கமாக எழுகிற நேரம் வந்தபோது டெஸ்க்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றும், தனக்கே பாவமாகப் போய்விட்டது என்றும் தணிகாசலம் வந்து சொன்னார். பள்ளி விட்டதும் பிள்ளை தானே வந்து நின்றாள். சரி என்று தலையாட்டினாள்.

ராஜாம்பாளிடம் நிர்மலா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தப் போன் பள்ளி ஆபீஸுக்கு வரட்டும் என்றாள்.

“இது ஸ்கூலாம்மா, எஸ்.டி.டி. பூத்தா?”

“உள்ள வர்ற போனுக்குக் காசு இல்ல மேடம்.”

“சார் பீரியட் போகும். அவர் கடிபட்டவரு.”

கதவருகே நின்ற தணிகாசலம், பத்து நிமிஷம் போனால் போகட்டும், கை தப்பினால் சரி என்றார். ராஜாம்பாள் சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த கறுப்புப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பெத்தவ சம்மதம் இல்லாம இந்த போன்ல ஒரு வார்த்த வராது. அவ சரின்னா நான் டி.சி. எழுதறதயே நிறுத்திடறேன். வேணாம்னா டி.சி.தான். பொண்ணு திரும்ப ஓடுவா, கடிப்பா, அதுக்கு நான் பொறுப்பு எடுக்க முடியாது. அதுக்கு மேல எங்கிட்ட வராத.”

வெள்ளிக்கிழமை மதியம் அமுதவல்லி வந்தாள். மருந்துக்கடையின் பச்சைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தாள். டி.சி. வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்பதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஏலோதி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

நிர்மலா பேசினாள். அல்பேர் என்ற பேர் வந்ததும் அமுதவல்லி கையை உயர்த்தி நிறுத்தினாள். அந்தப் பேர் இங்கே வேண்டாம் என்றாள். நிர்மலா அந்தப் பேரை விட்டுவிட்டு மீதியைச் சொன்னாள். போன். மதியம். குளிர்காலத்து மணி. கடைசியில் அமுதவல்லி ஒன்றே ஒன்று கேட்டாள், எவ்வளவு நாளாக என்று. ஜூனிலிருந்து என்றதும் அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“ராத்திரி எம்மேல கால போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா,” என்றாள். “ஒரு வார்த்த சொல்லலயே எங்கிட்ட.”

“உங்களுக்கு வலிக்கும்னுதான்க்கா சொல்லல.”

“ஓடிப்போனவனுக்கு ஸ்கூல்ல போன் போட்டுக் குடுக்கறீங்களா?”

“அவருக்கு இல்லக்கா. இவளுக்கு.”

அமுதவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா டீச்சர்?”

“இல்ல.”

“தெரியுது.”

“எனக்கு ஆயிடுச்சும்மா,” என்றார் ராஜாம்பாள். “அதனால நான் கேக்கறேன். அவர நீ மன்னிக்க வேணாம், அவர்கிட்ட பேசவும் வேணாம். இங்க என் எதிர்ல உக்காந்து பத்து நிமிஷம் உம்பொண்ணு பேசுவா. என்ன பேசினாங்கன்னு தெரியணும்னா அவளையே கேளு. இப்ப உனக்குத் தெரியாம நடக்குது, இனிமே உனக்குத் தெரிஞ்சு நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

மின்விசிறி சுற்றியது. அமுதவல்லி கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ தேடினாள், எடுக்கவில்லை. எழுந்தாள். இன்று அரைநாள் லீவு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

யோசிக்க நேரம் இல்லை என்று நிர்மலா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டில் போன் அடிக்கும். இத்தனை நாள் யாரும் எடுக்காத போன். நாளைக்கும் அடிக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி நம்பரை யாராவது அவரிடம் சொன்னால்தானே இங்கே கூப்பிடுவார்? பிள்ளை சொன்னால் அது மறுபடி ரகசியம். நீங்கள் எடுங்கள், நம்பரை மட்டும் சொல்லுங்கள், வைத்துவிடுங்கள். ஒரு வார்த்தையும் கூட வேண்டாம். நம்பரை அவள் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அமுதவல்லி வாங்கிக்கொண்டாள், மடிக்காமல்.

மூன்று பேரும் நடந்தார்கள். நிர்மலாவை யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது. ஏலோதி அம்மாவுக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் வந்தாள், யார் கையையும் பிடிக்காமல். அம்மாவிடம் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அம்மா இன்னும் அடிக்கவில்லை என்பதும் தெரியும். அதனால் ஓடவில்லை. அம்மாவின் நடை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் நடந்தாள்.

வழியில் அமுதவல்லி ஒரே ஒரு தடவை பேசினாள்.

“என்னடி கேப்பாரு?”

“சாப்ட்டியான்னு கேப்பாரு.”

“அப்புறம்?”

“என்ன கொழம்புன்னு.”

“உன்னப் பத்தி மட்டும்தானா?”

“நீ வேலைக்குப் போறது எந்த பஸ்ல, கூட்டமா இருக்கான்னு கேப்பாரு.”

அமுதவல்லி கையிலிருந்த தாளை இறுக்கிக்கொண்டாள்.

சந்து முனை திரும்பும்போதே கேட்டது. போன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த சின்னப்பாப்பா நிமிர்ந்து மூவரையும் பார்த்தாள். நிர்மலா சந்து ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவள் போகவேண்டிய தூரம் இல்லை.

அமுதவல்லி பூட்டைத் திறந்தாள். அவளுடைய சாவி நழுவாமல் திரும்பியது. கதவை உள்ளே தள்ளினாள். ஸ்டூலின் மேல் பின்னல் துணிக்குக் கீழே அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்தது. அவள் வாசற்படியில் நின்றாள். நம்பர் எழுதிய தாள் கை வியர்வையில் நனைந்திருந்தது.

ஏலோதி அம்மாவைத் தாண்டிப் போயிருக்கலாம். வழி இருந்தது. அவள் போகவில்லை. கழுத்திலிருந்த சாவியை நூலோடு கழற்றி அம்மாவின் கையில், அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

“நீ எடும்மா,” என்றாள்.